சட்டைப் பையிலிருந்து வந்த சூடு

எங்கள் ஆய்வகத் தலைவரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. நசரத்பேட்டைக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் திட்ட உதவியாளராக இருந்தேன். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பூந்தமல்லி வரை பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. ஐந்து நிமிடம் தாமதமானால் கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பென்சில் முனையில் இருக்கிற கிராஃபைட்டை டேப்பால் உரித்து உரித்து, ஓர் அணு அளவே கனமுள்ள ஏடாக எடுப்போம். அதுதான் கிராஃபீன். திரவ ஹீலியத்தில் குளிரவைத்தால், துளி வெளிச்சத்துக்கே அதன் எலக்ட்ரான்கள் சூடேறிவிடும். அந்தச் சூட்டை அளப்பது என் வேலை.

காலையில் அளவு நன்றாக இறங்கி நிற்கும். பதினொரு மணிக்குத் தலைவர் வந்து பக்கத்தில் நின்றால் ஏறிவிடும்.

"நேத்து இறங்கிச்சுன்னு எழுதியிருக்கே? உனக்கு வேணும்கிற நம்பரை எழுதிக்கறியா?"

மூன்று மாதம் இதே பேச்சு. இனியும் இப்படியானால் வேலை நீட்டிப்பு கிடையாது, காரணத்தையும் எழுதித்தான் அனுப்புவேன் என்றார். வேலை போனால் போகட்டும். பொய்க்காரி என்ற பெயரோடு போக மாட்டேன். ஒயர்களையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

ஹீலியம் ஊற்றும் டெக்னீஷியன் வெள்ளானூர்க்காரர். ஒரு நாள் என் பக்கம் குனிந்து சொன்னார்: "இன்னாம்மா, ஒயரையே நோண்டிகினு கீறே? அவரு வந்தா ஏறுது, போனா எறங்குது. அவரு பாக்கெட்டப் பாரு."

சட்டைப் பையில் கைபேசி. அது விடும் அலையும் வெளிச்சம் போலவே கிராஃபீனைச் சூடேற்றும். உள்ளே கைபேசி கூடாது, வாசல் தட்டில் போடு என்று எங்களுக்கு அறிவிப்பு ஒட்டியவரே அவர்தான்.

திட்டத்தைப் பரிசீலிக்க வெளியூர் நிபுணர் வந்த அன்று, அவர் எதிரிலேயே தலைவரிடம் கேட்டேன்.

"சார், உங்க போனை வெளியே வச்சிட்டு வர்றீங்களா?"

தலைவரின் முகம் கறுத்தது. நிபுணர் சிரித்துக்கொண்டே போனை வாங்கி, தானே வெளியே எடுத்துப் போனார். திரையில் கோடு இறங்கியது. கொண்டுவந்தார், ஏறியது. மறுபடி வெளியே, மறுபடி இறங்கியது.

தலைவர் மன்னிப்பு கேட்கவில்லை. வேலையையும் நீட்டிக்கவில்லை.

சில மாதம் கழித்து அவருடைய கட்டுரை வெளியானது. மெல்லிய அலையைக்கூடக் கருவி உணர்கிறது என்பதற்குச் சான்றாக, அன்று நான் எடுத்த வரைபடத்தையே போட்டிருக்கிறார். என் பெயர் எங்கும் இல்லை. வரைபடத்தின் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. அது அவருடைய சட்டைப் பை.