எட்டு மணிப் பெரட்டு

செண்டாயான் அருகே நான் வேலை பார்த்த கல்லூரியில் விளையாட்டுத் துறைத் தலைவர் ஒருவர் இருந்தார். போட்டி மாதங்களில் தினமும் ஏதாவது ஒரு பந்தயம் இருக்கும். சரியாகக் காலை எட்டு மணிக்கு அணிகளின் வருகைப் பதிவேட்டை மூடி, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்வார்.

ஒருநாள் வெளியூர்ப் பெண்கள் ஓட்ட அணி பிந்தி வந்தது. "ரெண்டு நிமிசம்தானே லா, சார்," என்றார் அதன் பயிற்சியாளர்.

"ஒங்கப்பா எங்க ரப்பர் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி. காலைப் பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப எங்கம்மா ரெண்டு நிமிசம் பிந்திட்டாங்க. அன்னிக்கு வேலை இல்லன்னு வெரட்டிட்டாரு. நீங்களும் போங்க," என்றார் தலைவர்.

எனக்கு மனம் குளிர்ந்தது. என் அம்மாவும் பெரட்டுக்கு ஓடியவர்தான்.

அந்த அணியின் பஸ் திரும்பும்போது சன்னலோரம் அழுதுகொண்டிருந்த ஓட்டக்காரப் பெண்களைப் பார்த்தேன். எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். அவரும் பார்த்தார். முழங்கையை மட்டும் எடுக்கவில்லை.