நோட்டீஸில் வந்த பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு உட்கார்ந்தேன். வாசலில் ஒரு அம்மா. சேவூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் நான்காக மடித்த ஒரு நோட்டீஸ். பிரித்துக் காட்டினார்.

"இத எழுதினது நீங்கதானே சார்?"

வாசகி என்று நினைத்துவிட்டேன். கையெழுத்துப் போடப் பேனாவைக்கூடத் தேடினேன்! வாரா வாரம் பத்தி எழுதுகிறவனின் புத்தி வேறு எப்படிப் போகும்?

நோட்டீஸ் எங்கள் ட்ரஸ்டுடையது. ஆரணிப் பட்டு வியாபாரிகள் சேர்ந்து நடத்துவது. எனக்கும் பட்டுக்கும் சம்பந்தமில்லை. பத்திரிகையில் படத்தோடு வருகிறவன் என்பதால் என்னையும் அறங்காவலராக்கியிருந்தார்கள். வேலூர்ப் பக்கம் ஒரு குடி மறுவாழ்வு மையத்துக்கு உதவுவது எங்கள் திட்டம். முதலில் போர்வைகள் கொடுத்தோம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ட்ரஸ்டின் பெயரை நெய்தே கொடுத்தோம். போர்த்திக்கொண்டு நடுங்குகிறவனுக்கு, யார் தயவில் நடுங்குகிறோம் என்று தெரிய வேண்டாமா?

அடுத்து, ஆளை அனுப்பினோம். அந்த அம்மாவின் கணவர்தான் முதல் ஆள். பட்டு நெசவாளர். ஒரு மாதம் மையத்தில் இருந்தார். குடிக்கு அடியில் மனச்சோர்வும் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். திரும்பி வந்து ஐந்து மாதமாகிறது – சொட்டுக்கூடத் தொடவில்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டு விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோம். ஊரெல்லாம் நோட்டீஸ் கொடுத்தோம். அவர் படம், பெயர், தெரு. கீழே என் கைவண்ணம் – 'குடியையும் மனநோயையும் வென்ற மாவீரர்!'

அவரிடம் கேட்டீர்களா என்கிறீர்களா? மாவீரர்களிடம் யார் அனுமதி கேட்கிறார்கள்...

"பன்னெண்டு நாளா தறி காலியா கெடக்குது சார்," என்றார் அந்த அம்மா. "இருந்த பாவு முடிஞ்சிச்சி. அடுத்த பாவு குடுக்க மாட்டேன்றாரு மொதலாளி."

தறியில் ஏற்றும் பட்டு நூல்தான் பாவு. முதலாளி கொடுத்தால்தான் நெசவு.

"குடிச்சிகினு இருந்தப்பகூட குடுத்துகினுதான் இருந்தாரு சார். மையத்துல இருந்த மாசம், மஞ்சக்காமாலை, பெரணமல்லூர்ல தம்பி வூட்ல இருக்காருன்னு ஊர்ல சொல்லி வச்சிருந்தேன். நீங்க மனநோயின்னு அச்சடிச்சி ஊருக்கே குடுத்துட்டீங்க."

"இப்ப எப்படி இருக்கார்?"

"வெறுங்கையா குந்திகினு ரோட்டையே பாத்துகினு இருக்காரு. எத்தினி நாளிக்கி பாத்துகினு இருப்பாரு? ரோட்டு முனையிலதான் கடை."

இட்லி ஆறிப்போயிருந்தது.

"அவரு போவும்போதே ஒங்க ஆபீஸ்ல கேட்டேன் சார். அவரு வர்ற வரைக்கும் தறில ஒக்கார வேற ஆளு போட்டு குடுங்க, பாவு நிக்காதுன்னு. வந்தப்புறம் மாசாமாசம் வேலூர் போயி மாத்திர வாங்கியாற வழி பண்ணுங்கன்னு. விதியில இல்லன்னுட்டாங்க. பொன்னாட மட்டும் விதியில இருக்குது போல."

குடிநோய்க்கு உதவ நினைக்கும் ஒரு ட்ரஸ்ட் செய்ய வேண்டியதையெல்லாம் அந்த அம்மா நின்றபடியே சொல்லி முடித்துவிட்டார். எங்கள் விதிகளோ எட்டுப் பக்கம். அவற்றை நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தவன்... வேறு யார்?

அன்று மத்தியானமே முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் வேறு யாருமல்ல – எங்கள் ட்ரஸ்டின் பொருளாளர். மேடையில் பொன்னாடை போர்த்தியவரும் அவரே!

"சார், அது தர்மம். இது தொழில்," என்றார், எனக்குக் காபி வரவழைத்தபடி. "மாத்திர சாப்புடற கைய நம்பி பட்ட குடுத்தா டிசைன் கோணிகினு பூடும். ஏன் சார் நமக்கு பேஜாரு?"

"குடிச்சப்ப கோணலையா?"

"குடி சாயங்காலத்தோட சரி சார். பொழுது விடிஞ்சா ஆளு ஸ்டெடி. இது மூளை சமாச்சாரமாச்சே."

அவர் கெட்டவரல்ல. நாம் எல்லோருமே இப்படித்தான். தெருவில் விழுந்து கிடக்கிறவனைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம். அவனே எழுந்து டாக்டரிடம் போனால், பத்தடி தள்ளி நிற்கிறோம்.

அவரை மடக்க என்னிடம் ஒரு பதில் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தப் பதில் இதுதான். அதே மாதிரி மாத்திரையை நானும் இரண்டு வருடம் சாப்பிட்டிருக்கிறேன். ஆரணியில் வாங்கவில்லை, மருந்துக்கடைக்காரர்களெல்லாம் என் வாசகர்களாயிற்றே! வேலூர் போய் வாங்கி, அட்டையிலிருந்து பிதுக்கி, வைட்டமின் பாட்டிலில் போட்டு வைத்துக்கொண்டேன். என் மனைவிக்கு மட்டும் தெரியும். அப்படிப்பட்ட நான்தான் இன்னொருவரின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் சேவூர் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்த மாவீரர் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். முதலாளியிடம் போன காரியம் பலிக்கவில்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். பத்தியில் எழுதட்டுமா என்று, இந்த முறையாவது, கேட்டேன்.

"எழுதுங்க சார். எங்க பேரு வாணாம். பேரு போட்டாதான் ஆவும்னா, ஒங்க பேர போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டேன். பெயரும் படமும் மேலே இருக்கின்றன.

பொருளாளர் அவர்களே, என் பத்திகளைக் கத்தரித்து, பைண்ட் செய்து, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறீர்களே – அத்தனையும் நான் மாத்திரை சாப்பிட்ட அந்த இரண்டு வருடங்களில் எழுதியவை.

எங்காவது கோணியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், சேவூருக்கு ஒரு பாவு அனுப்புங்கள்.