பானெட்டில் தடவிய கடலையெண்ணெய்

பூதலப்பட்டைத் தாண்டியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சித்தூரிலிருந்து திருப்பதி ரோட்டைப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை, அதில் மாற்று லுங்கியும் போர்வையும். செருப்பின் வார் அறுந்துவிட்டதால் கையில் எடுத்துக்கொண்டேன். நடப்பது எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து எந்த ஊரிலும் நிலைத்து நின்றதில்லை. ஆனால் எல்லா இடத்தையும் நானாகத்தான் விட்டுப் போனேன். சித்தூர் பெயிண்ட் ஷெட்டிலிருந்துதான் முதல்முறையாக என்னைத் துரத்தினார்கள். அதுவும் நான் செய்யாத காரியத்துக்காக.

எல்லாம் ஒரு ஜீப்பால் வந்தது. மூங்கில் கான்ட்ராக்டர் ஒருவருடையது, கரும்பச்சை. காட்டுப் பாதையில் உண்ணிச்செடியும் முள்ளும் உரசி உரசி, இரண்டு பக்கமும் பானெட்டிலும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. அவர் மகளுக்கு நாராயணவனம் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளையை இந்த வண்டியில்தான் அழைக்கப் போகிறோம், ஒரு கீறலும் தெரியக்கூடாது என்று சொல்லி வண்டியை விட்டுப் போனார்.

அந்த மாதிரிக் கீறலுக்குப் புது பெயிண்ட் தேவையில்லை. முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை முழுக்கக் கழுவ வேண்டும். ஒரு மணல்துகள் துணியில் ஒட்டியிருந்தாலும் அது புதுக் கீறல் போட்டுவிடும். பிறகு ஈர விரலால் கோட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். ஈரத்தில் மறைந்தால் கீறல் மேலோடு நிற்கிறது என்று அர்த்தம். பழைய பனியன் துணியில் காம்பவுண்டு என்கிற தேய்ப்புப் பசையைத் தொட்டு, கையகல இடமாகப் பார்த்துத் தேய்த்தால் போய்விடும். ரொம்ப அழுத்தினால் பெயிண்டே போய்விடும். இரண்டு பக்கத்தையும் அப்படித் தேய்த்து முடித்தபோது தோளைத் தூக்க முடியவில்லை. பானெட் மட்டும் பாக்கி.

ஷெட் மேஸ்திரிக்கு அவசரம். கிண்ணம் நிறையக் கடலையெண்ணெயோடு வந்தார்.

"இன்னாண்ணா இது, வடை சுடப் போறியா?" என்றேன்.

"ஈரத்துல கீறல் மறையுதுன்னு நீதானடா காட்டுன? தண்ணி காஞ்சிடும். எண்ணெ காயாது."

"ரோடு பூரா புழுதிண்ணா. மொத்தமா ஒட்டிக்கும்."

"ஒட்றதுக்குள்ள தாலி கட்டிடுவாங்க. நீ போய்த் துன்னு, போ."

அவரே தடவினார். பானெட் கண்ணாடிபோல் மின்னியது. வண்டியை எடுக்க வந்த கான்ட்ராக்டர், நான் தேய்த்த பக்கங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பானெட்டைப் பார்த்துவிட்டு மேஸ்திரியின் முதுகில் தட்டினார்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை ஜீப் கான்ட்ராக்டரோடு திரும்பி வந்தது. நடந்ததை டிரைவர் சொன்னார். கோயிலுக்குப் போகும் புத்தூர் ரோட்டுப் புழுதி முழுக்க பானெட்டில் படிந்துவிட்டதாம். மாப்பிள்ளை ஏறும் முன் வழக்கப்படி அதன்மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். சந்தனம் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. குங்குமம் எண்ணெயில் கரைந்து, வெயிலில் இரண்டு விளக்குக்கும் நடுவே ஒழுகியது.

"மாப்பிள்ள ஊட்டு அத்தைக்காரி பாத்துட்டா. 'இன்னாடி இது, வண்டி ரத்தம் கக்கினு வருது'ன்னு ஒரே கூச்சல். அப்புறம் எவன் ஏறுவான்? மாப்பிள்ள டிராக்டர்ல நின்னுக்கினு வந்தாரு" என்று டிரைவர் சிரித்தார். கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை.

"ஏமிரா, எண்ணெ தடவுனவன் எவன்?"

மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினார். "இவன்தாங்க. தேய்க்கச் சொன்னேன். சோம்பேறி நாயி, எண்ணெயப் பூசி ஏமாத்திட்டான்."

 சீயக்காய்த் தூளும் தண்ணீரும் கொண்டுவந்து, அவர்கள் கண்ணெதிரே வண்டியைக் கழுவினேன். பானெட்டில் எண்ணெய் போனதும் கோடுகள் அத்தனையும் திரும்ப வந்தன. பக்கங்களில் ஒரு கோடும் இல்லை.

"அய்யா, இது நான் தேச்சது. எண்ணெ பூசி ஏமாத்தறவனா இருந்தா இதுலயும் பூசியிருக்க மாட்டேனா?"

கான்ட்ராக்டர் கதவை விரலால் தடவினார். பிறகு பானெட்டைத் தடவினார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. மேஸ்திரியை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி நம்ம ஊராளு. நீ யாருடா? எந்த ஊரு? உன் நைனா யாரு? பையத் தூக்கினு போடா."

அந்தக் கேள்விக்கும் கீறலுக்கும் என்ன சம்பந்தம்? அப்போதும் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன். தெரியாமல் பழி போட்டிருந்தால் மன்னித்திருப்பேன். கான்ட்ராக்டர் தெரிந்தே போட்டார். சித்தூரில் எல்லா ஷெட்டுக்காரர்களும் ஒரே டீக்கடையில்தான் உட்காருவார்கள். சாயங்காலத்துக்குள் நான் எண்ணெய் பூசுகிறவன் ஆகிவிடுவேன். அந்த ஊரில் இனி யார் என்னிடம் ஒரு வண்டியைத் தொடக் கொடுப்பார்கள்? பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பூதலப்பட்டுக்கு அப்பால் ஒரு வெல்ல லாரி ஏற்றிக்கொண்டது. அன்று திருப்பதி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் விசாரித்துக்கொண்டு ஒரு பெயிண்ட் ஷெட்டுக்குப் போனேன். மூலையில் ஒரு எண்ணெய் டப்பா இருந்தது. வேலை கேட்கும் முன் அதைத்தான் கேட்டேன்.

"அண்ணா, அந்த எண்ணெ எதுக்கு?"

அந்த மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கதவு கீலுக்கு. ஏன், தலைக்கு வேணுமா?"

"வேணாண்ணா. வேல வேணும்."

வாசலில் நின்ற வேனைக் காட்டினார். காட்டுக் கோயில் ஒன்றுக்குப் போய்வந்த வண்டி, பக்கமெல்லாம் முள் கிழித்த கோடுகள். பையை ஆணியில் மாட்டிவிட்டு, வாளியில் தண்ணீர் பிடித்துவந்து, முதலில் மண்ணைக் கழுவ ஆரம்பித்தேன்.