தோணிக்குக் கேட்ட குரவை

யுத்த காலம். மண்ணெண்ணெயைக் கூப்பனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், துறையை ஒட்டிய சிறிய ஊர் எங்களுடையது. அங்கே ஒரு தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம் வைத்தோம். அன்று பொழுதுபடும் நேரத்தில் நடந்ததை நான் வெளியாட்களிடம் சொன்னதில்லை. நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் குரவை இல்லாமல் எந்த நல்ல காரியமும் நடக்காது. பெண்கள் வாய்க்குள் நாக்கைச் சுழற்றி நீளமாக எழுப்பும் மங்கல ஒலி அது. எங்கள் ஊரில், மாப்பிள்ளை வாசலில் கால் வைக்கும்போது பெண்ணின் தாய் முதல் குரவையைத் தொடங்குவாள். மற்றவர்கள் பிறகு சேர்ந்துகொள்வார்கள். எங்களுக்கு அம்மா இல்லை. மூத்தவளான நான்தான் தொடங்கவேண்டும். எனக்கோ குரவை வராது. முந்திய வருஷம், ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் வற்புறுத்தி என்னை வாய் திறக்கவைத்தார்கள். "கோழிக்குத் தொண்டையில நெல்லுச் சிக்கிட்டு புள்ள, தண்ணி குடுங்க" என்று ஒரு மாமி சொன்னா. பந்தலே சிரித்தது. தங்கையின் வாசலிலும் அப்படி ஆகிவிட்டால் சிரிப்போடு போகாது, சகுனம் பிழைத்துவிட்டது என்பார்கள். அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் குரவைக்குப் பேர்போனவள் என் மச்சாள். என் புருஷனின் தங்கை. அவள் போட்டால் நடுவாவியில் வலை வீசுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான் என்பார்கள். என்னைவிட இளையவள், வாய்த்துடுக்கும் கூட. அவளிடம் போய்க் கேட்பதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் நெல் புடைக்கிற சுளகு இரவல் கேட்கிற சாட்டில் அவள் வீட்டு வளவுக்குப் போனேன்.

"சுளகா? உங்கட குசினியில ரெண்டு சுளகு கிடக்கு. நேத்தும் கண்டன். என்ன வேணும் மச்சாள், வாயத் திறந்து சொல்லுங்க."

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

"சொல்லித் தர எனக்கு ஏலாது. நான் போடக்குள்ள பக்கத்தில வந்து நில்லுங்க. எல்லாரும் பாக்கிற மாதிரி என்ட வாயப் பாக்காதீங்க. வயித்தப் பாருங்க."

அதன் பிறகு கல்யாணம், கோயில் சடங்கு என்று அவள் போன இடமெல்லாம் நானும் போனேன். சத்தம் வருவதற்கு முன்பே அவள் வேலை தொடங்கிவிடுகிறது என்பதைக் கண்டேன். குடத்தைத் தண்ணீரில் சரித்தால் நிறையுமே, அப்படி அவள் வயிறு மெதுவாக நிறையும். தோள் அசையாது. சத்தம் முடியும்போதும் கொஞ்சம் மூச்சை மிச்சம் வைத்திருப்பாள். நான் இதையெல்லாம் விட்டுவிட்டுத் தொண்டையை நெரித்துக் கத்தியிருக்கிறேன்.

வயல் வட்டையில் நெல் கதிர் விட்டிருந்தது. கிளி துரத்துகிற சாட்டில், யாருமில்லாத வரம்பில் நின்று பழகினேன். ஒருநாள் என் புருஷன் கேட்டுவிட்டார். "காவலுக்கு ஆளே வேணாம். கிளியெல்லாம் வாவி தாண்டி அமிர்தகழிக்குப் போய்ச் சேர்ந்திட்டு" என்றார். கோபம் வந்தாலும் நான் விடவில்லை. ஆளில்லாத இடத்தில் ஓரளவு வந்தது. ஒரு ஆள் தலை தெரிந்தால் நின்றுவிடும்.

கல்யாணத்தன்று காலையில் நல்ல வெயில். மாப்பிள்ளையின் ஊர் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டிச் சோடித்து, அவரை அழைத்துவர எங்கள் ஆட்கள் போனார்கள். மச்சாளும் போனாள். பின்னேரம் வானம் கறுத்தது. விட்டுப்போனதென்று நினைத்த மாரி காற்றோடு திரும்பி வந்தது. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டித் திறந்துவிட்டிருந்த நாட்கள் அவை. வாவித் தண்ணீர் வடக்கே கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது.

தோணி வரவில்லை. பெண்கள் எல்லோரும் மணப்பெண்ணோடு வீட்டில் இருந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, துறைக்கு ஓடினேன். இரவல் வாங்கிய ஒரே பெற்றோல்மாக்ஸ் விளக்கின் கண்ணாடி, மழைத்துளி பட்டு வெடித்துப்போயிருந்தது. தென்னோலைச் சூள் நனைந்து புகைந்தது. ஆண்கள் கூவிப் பார்த்தார்கள். மழை இரைச்சலில் அது கரையைத் தாண்டியே போகவில்லை.

அப்போது தண்ணீர்ப் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு குரவை கேட்டது.

"என்ட தங்கச்சிட சத்தம்!" என்றார் என் புருஷன்.

இரண்டாவது தரம் கேட்டபோது அது இன்னும் வடக்கே போயிருந்தது. "கரை தெரியல்ல அதுகளுக்கு. இழுத்துக்கொண்டு போகுது" என்று அப்பா தலையில் கை வைத்தார். மச்சாள் குரவையால் கரை எங்கே என்று கேட்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. ஆண்களின் தடித்த குரல் போகாத இடத்துக்கு அந்தச் சத்தம் போகும் என்பதும் விளங்கியது. ஆனால் துறை முழுக்க ஊர் ஆண்கள். என் வாய் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது தரம் அவள் குரல் இடையில் உடைந்தது. மூச்சில் எப்போதும் மிச்சம் வைப்பவள், மிச்சத்தையும் செலவழித்துவிட்டாள்.

நான் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கினேன். ஆட்களுக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணை மூடினேன். முதலில் வந்தது பழைய கோழிச் சத்தம்தான். பின்னால் ஒருவரும் சிரிக்கவில்லை. வயிற்றில் கை வைத்துக் குடத்தை நினைத்துக்கொண்டேன். மெதுவாக நிறையவிட்டேன். பிறகு வந்த குரவை என் காதுக்கே புதிதாக இருந்தது.

கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது. பிறகு அங்கிருந்து பதில் வந்தது.

நான் போட, அவள் போட, சத்தம் கிட்ட வந்தது. தோணி வலிக்கிற சவள் தண்ணீரில் விழும் ஓசையும் வந்தது. ஆண்கள் நீந்திப் போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். தோணியின் மூக்கு சேற்றில் முட்டியபோதுதான் கண்ணைத் திறந்தேன். மாப்பிள்ளை தலைப்பாகையைக் கையில் பிழிந்துகொண்டு நின்றார்.

மச்சாள் நடுங்கிக்கொண்டே இறங்கி என்னைக் கட்டிப்பிடித்தாள். குரல் அடைத்துப்போயிருந்தது. காதுக்குள் சொன்னாள்: "நடுவில ஒருக்கா அவசரப்பட்டு மூச்சக் கெதியா விட்டுட்டீங்க மச்சாள். நான் கேட்டுக்கொண்டுதான் வந்தன்."

அழுதுகொண்டே சிரித்தேன். "கிளியத் துரத்தின சத்தம் மாப்பிள்ளையக் கூட்டிக்கொண்டு வந்திட்டு" என்றார் என் புருஷன்.

வாசலில் மாப்பிள்ளை கால் வைக்கும்போது மச்சாளுக்குச் சத்தமே வரவில்லை. கண்ணால் எனக்குச் சாடை காட்டினாள். நான் தொடங்கினேன். கோழி என்று சொன்ன மாமி, முதல் ஆளாக என்னோடு சேர்ந்துகொண்டா.

பிறகு எத்தனையோ வேலைகளை எத்தனையோ பேரிடம் பார்த்துப் பழகிவிட்டேன். காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு தாத்தாவிடம் (முஸ்லிம் ஆட்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சட்டை வெட்டப் பழகினேன். வயதான பிறகு ஒரு தாதிப் பிள்ளையிடம் காயத்துக்குக் கட்டுப் போடக் கற்றேன். இன்றும் ஒரு வேலையைத் திறமாகச் செய்கிறவரைக் கண்டால், அவர் எவ்வளவு இளையவர் என்றாலும், மற்றவர்கள் கைதட்டுகிற இடத்தை விட்டு அவர் மூச்சை எங்கே வைத்திருக்கிறார் என்று தேடிக்கொண்டு பக்கத்தில் போய் நிற்கிறேன். சுளகு இரவல் கேட்கிற சாட்டு மட்டும் இப்போது எனக்குத் தேவைப்படுவதில்லை.