கிள்ளும் மேஜையில் வெர்னாவின் நாற்காலி

கனடாவின் சமவெளியில் இருக்கிற எங்கள் ஊரில் நோயாளிகளைவிட வைத்தியர்கள் அதிகம். அதில் ஒருத்தரும் படித்தவர் இல்லை என்பது வேறு விஷயம். வெர்னா கொவல்சுக்குக்கு வந்திருப்பது முடக்குவாதம் என்று யார்க்டன் டாக்டர் சொன்ன அன்று, சாயங்காலத்துக்குள் அவள் சமையலறை மேஜையில் ஏழு வைத்தியங்கள் வந்து இறங்கிவிட்டன. ஜின் சாராயத்தில் ஊறப்போட்ட உலர்திராட்சை, தினம் ஒன்பது. செம்பு வளையல். புளிப்புச் செர்ரிச் சாறு. தக்காளியைத் தொடவே கூடாது என்று ஒருத்தி, தக்காளிதான் மருந்து என்று இன்னொருத்தி. வெர்னா திராட்சையை மட்டும் ஒரு மாதம் விடாமல் தின்றாள். "கைக்கு ஒண்ணும் பண்ணல. ஆனா உங்க மேலயெல்லாம் கொஞ்சம் கோவம் கொறஞ்சிருக்கு" என்றாள்.

வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்களே, அது நாங்கள்தான். மருந்து சொல்ல இருபது பேர் வந்தோம். அவளுடைய ஜாடி மூடியைத் திறந்து கொடுக்க ஒருத்தரும் போகவில்லை. நானும் போகவில்லை.

வெர்னா முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். மைனஸ் நாற்பது டிகிரி குளிரில், சரளைக்கல் சாலையில், பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க ஓட்டியவள். புருஷன் போய் ஐந்து வருஷம் ஆகிறது. மகள் தூரத்துக் கால்கரி நகரத்தில் இருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்து, "அம்மா, இங்க ஒரு நல்ல முதியோர் இல்லம் இருக்கும்மா, ஜன்னல்லேர்ந்து மலை தெரியும்" என்பாள். "எனக்கு எதுக்குடி மலை? நான் என்ன ஆடா?" என்று வெர்னா வைத்துவிடுவாள்.

டாக்டர் கொடுத்த மாத்திரையையும் ஊசியையும் அவள் ஒழுங்காக எடுத்துக்கொண்டாள். அவை நோயை நிற்க வைத்தன. அதற்குள் கோணிப்போன விரல்களை நிமிர்த்தவில்லை. காலையில் எழுந்தால் பத்து மணிவரை கை விரியாது. அழுதுகொண்டு உட்காருகிற ஜாதி இல்லை அவள். என் புருஷன் மோரிஸின் இரும்புக்கடைக்கு வந்து, குளிரில் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க மாட்டுவோமே, அந்த நுரைக்குழலில் ஆறடி வெட்டித் தரச் சொன்னாள்.

"என்ன வெர்னா, குழாய் வெடிச்சிருச்சா?" என்றான் மோரிஸ்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு. நான்தான் வெடிச்சிட்டேன்."

அதைத் துண்டு துண்டாக நறுக்கி கரண்டி, கத்தி, பல் துலக்கும் பிரஷ், பேனா எல்லாவற்றின் பிடியிலும் மாட்டினாள். பருத்த பிடி என்றால் விரலை முழுக்க மடக்க வேண்டாம். கதவுக் குமிழ்களைக் கழற்றி நீளப் பிடி போட்டாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கயிற்று வளையம், முழங்கையை விட்டு இழுக்க. உருளைக்கிழங்கைக் கம்பிக் கூடையோடு வேகவைத்தாள், கொதிக்கிற பானையைத் தூக்கிக் கவிழ்க்கும் வேலையே இல்லை. அழுக்குத் துணியைத் தலையணை உறையில் கட்டி, மாடிப்படியில் காலால் உதைத்துக் கீழே அனுப்பினாள். ஒரு நாளைக்குக் கனமான வேலை ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொண்டாள். துணி துவைத்த அன்று தரை கூட்டமாட்டாள்.

ஊர் அதற்கு என்ன பெயர் வைத்தது? சோம்பேறித்தனம். மண்குடிசையில் வாழ்ந்து, எருதுக்குப் பதில் தாங்களே ஏர் இழுத்த உக்ரேனியப் பெண்களின் வம்சமாம் நாங்கள். வலியை வெளியே காட்டுவது எங்களுக்கு அம்மணமாக நிற்கிற மாதிரி. அந்தப் பெருமையைத் தின்றுதான் பாதிப் பேர் இடுப்பு உடைந்து கிடக்கிறோம்.

வியாழக்கிழமைக் காலைகளில் சர்ச்சின் அடித்தளத்தில் பெரோகி என்கிற உக்ரேனியக் கொழுக்கட்டை பிடிப்போம். மாவை வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்குப் பூரணம் வைத்து, மடித்து, ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளிக் கிள்ளி மூட வேண்டும். அக்டோபர் மாத அறுவடை விருந்துக்கு முந்நூறு பேர் வருவார்கள். கிள்ளும் மேஜையில் பன்னிரண்டு நாற்காலி. யார் நாற்காலி எது என்பது சட்டம். வெர்னாவுடையது ஜன்னலிலிருந்து மூன்றாவது. கிள்ள முடியாமல் போனவளை வாசல் பக்கத்து டிக்கெட் மேஜைக்கு அனுப்புவோம். அங்கே எந்நேரமும் குளிர்காற்று அடிக்கும். டிக்கெட் மேஜைக்குப் போனவள் யாரும் திரும்பி வந்ததில்லை. அங்கிருந்து நேரே முதியோர் இல்லம், அப்புறம் கல்லறை.

எங்கள் தலைவி அடலின் ரொமனியுக். பெரோகி தலைவிதான், ஆனால் நடை ஒரு நாட்டுக்கே தலைவி மாதிரி இருக்கும். ஒவ்வொருத்தியும் தான் கிள்ளிய தட்டில் வெள்ளை டேப் ஒட்டிப் பெயரின் முதலெழுத்துகளை எழுத வேண்டும் என்று சட்டம் போட்டவள் அவள். யார் கிள்ளியது கொதிநீரில் வாய் பிளக்கிறது என்று கண்டுபிடிக்கவாம்.

செப்டம்பரில் ஒரு வியாழன் வெர்னா ஒரு பிளாஸ்டிக் அச்சோடு வந்தாள். மாவு வட்டத்தை விரித்து, பூரணம் வைத்து, அச்சை மடக்கி அதன்மேல் முன்னங்கையை வைத்து ஒரு அழுத்து. ஓரம் வரிவரியாக மூடிக்கொண்டது. விரலுக்கு வேலையே இல்லை. மணிக்கு எங்களைவிட முப்பது அதிகமாகச் செய்தாள்.

அடலின் ஒன்றை எடுத்து, செத்த எலியைப் பிடிக்கிற மாதிரி நுனியில் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "இது என்னது? கடைச் சரக்கா?"

"பெரோகி."

"கையால கிள்ளாதது பெரோகி இல்லடி. இத விருந்துல வச்சா ஊரே சிரிக்கும்."

"ஊர் சிரிக்கட்டும். வாய் நெறய வச்சுக்கிட்டு எப்படிச் சிரிக்கும்னு பாக்கறேன்."

"உனக்கு முடியலன்னா சொல்லு, யாரும் தப்பா நெனைக்க மாட்டோம். டிக்கெட் மேஜைல சும்மா ஒக்காந்து நாலு பேர்கிட்ட பேசிக்கிட்டு இரு."

வெர்னாவின் முகம் வெளுத்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. "அடலின், இங்கேர்ந்து என்ன எழுப்பினா எனக்கு அப்புறம் அந்த மலை தெரியற ஜன்னல்தான். புரிஞ்சுதான் பேசறியா?" என்றாள்.

அடலினுக்குப் புரிந்தது. புரிந்துகொண்டே ஓட்டுக்கு விட்டாள். அச்சு வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றாள். பத்துக் கைகள் உயர்ந்தன. நானும் தூக்கினேன், இடது கையை. வெர்னா ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் கையில் கொஞ்சம் நின்று, அப்புறம் குனிந்து அச்சைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கடைசியில் அடலின் தாராள மனசோடு ஒரு சலுகை கொடுத்தாள். விருந்துவரை வெர்னா தன் நாற்காலியில் இருக்கலாம். அவள் தட்டுகள் பின்னறை ஃப்ரீசரில் தனியாக இருக்கும், சமையலறையில் வேலை செய்கிறவர்கள் மட்டும் தின்னலாம். விருந்து முடிந்ததும் டிக்கெட் மேஜை. தர்மப் பிரபு! அடுத்த ஐந்து வியாழனும் வெர்னா வந்து, விருந்தில் யாரும் தின்னப்போகாத பெரோகியை அச்சில் அழுத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒருவருக்கொருவர் வானிலை பற்றிப் பேசிக்கொண்டோம்.

விருந்தன்று கொதிக்கிற பானை என் பொறுப்பு. முதல் பந்திக்குத் தலைவியின் தட்டுகள்தான் போக வேண்டும், அது மரியாதை. கொட்டினேன். ஐந்து நிமிஷத்தில் மேலே மிதந்து வர வேண்டியவை வரவில்லை. பானைக்குள் உருளைக்கிழங்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. தோல் தோலாக மாவு சுற்றியது. அடுத்த பானையிலும் அதே கதை. வெளியே கூடத்தில் நூற்றைம்பது பேர் தட்டில் முள்கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடலின் ஓடிவந்து எட்டிப்பார்த்தாள். "வெர்னா சரக்க யாருடி போட்டது? நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"யாரும் போடல. அது இன்னும் பின்னறைலதான் இருக்கு" என்றேன்.

"பொய் சொல்லாத எல்ஸி. கையால கிள்ளினது வாய் பொளக்காது."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. காலித் தட்டை எடுத்து அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். "படி. உன் டேப்தான், உன் எழுத்துதான். சத்தமாப் படி, எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவள் படிக்கவில்லை. தன் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கையை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

பின்னறையில் இருந்து கரகர என்று சத்தம் வந்தது. வெர்னா குழந்தைகள் பனியில் சறுக்குகிற பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் தட்டுகளை அடுக்கி, கயிற்றை முழங்கையில் மாட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். "வழி விடுங்கடி. ஒரு நாளைக்கு ஒரு கனமான வேலைதான் செய்வேன், இன்னிக்கு இதுதான் அது" என்றாள். அடலினிடம் ஒப்புதல் கேட்கவில்லை. அத்தனையும் போட்டோம். ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை.

ஃபாதர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். நன்றி சொல்லும்போது எழுந்து நின்று, "பாத்தீங்களா, கையால கிள்ளினதோட ருசியே தனி. கடைல வாங்கினா இது வருமா?" என்றார். ஊரே கைதட்டியது. இவர்கள் நாக்குக்குப் பயந்துதான் நாங்கள் ஒருத்தியை வாசலுக்குத் துரத்தப் பார்த்தோம்! சமையலறைக் கதவோரம் நின்ற வெர்னா என்னிடம், "ருசி கட்டைவிரல்லயா இருக்கு? வெண்ணெய்ல இருக்கு" என்றாள்.

அடுத்த வியாழன் நாங்கள் வந்தபோது, அடலின் வாசல் பக்கத்து டிக்கெட் மேஜையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமையில் டிக்கெட்டே கிடையாது. வெறும் மேஜை. வெர்னாவுக்குப் போட்ட சட்டப்படி தானே போய் உட்கார்ந்துவிட்டாள். சிலருக்கு உள்ளூர சந்தோஷம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெர்னா ஒரு துணிப்பையோடு வந்தாள். அடலின் முன்னால் போய் நின்றாள்.

"எத்தன நாளா?"

"ஈஸ்டர்லேர்ந்து" என்றாள் அடலின். "கிள்ளினா பிடி நிக்க மாட்டேங்குது. ராத்திரில குடையுது."

"ஈஸ்டர்லேர்ந்து குடையற கைய வச்சுக்கிட்டா என் அச்சத் தூக்கிக் காட்டிச் சிரிச்ச?"

"சிரிச்சா யாரும் என் கையப் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொல்லுவாங்க. உனக்கு வந்தும் தெரியலியேடி!" வெர்னா அவளைக் கட்டிக்கொள்ளவில்லை, கண்ணீர் விடவில்லை. "நான் உன்ன மன்னிக்கல. அதுக்கு இன்னும் நாளாகும். டாக்டர்கிட்ட போய்க் காட்டு, திராட்ச தின்னுட்டு ஒக்காந்திருக்காத. இப்ப எந்திரி, இங்க காத்து அடிக்குது."

அடலின் எழுந்து வந்தாள். வெர்னா ஜன்னலிலிருந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, பையைக் கவிழ்த்தாள். புது அச்சுகள் இரண்டு விழுந்தன. ஒன்றை அடலின் பக்கம் தள்ளினாள். இன்னொன்றை முன்னங்கையால் மேஜையோடு நகர்த்தி நேராக என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"எனக்கு எதுக்கு?" என்றேன்.

"முப்பது வருஷம் பஸ் கண்ணாடில, பின்னாடி யார் கை எங்க போகுதுன்னு பாத்தவ நான். சோத்துக் கைய மடியில மறச்சுக்கிட்டு எடது கையத் தூக்கினியே, அன்னிக்கு. உனக்கு அன்னிக்கே சாயங்காலம் வாங்கிட்டேன்."

எனக்கு எதிராக ஓட்டுப் போட்டவளுக்கு அன்று சாயங்காலமே அச்சு வாங்க நான் போயிருக்கமாட்டேன். இரண்டு குளிர்காலமாக என் வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை, விரலும் சரியாக மடங்குவதில்லை. மோரிஸுக்குக்கூடச் சொன்னதில்லை. வலி இல்லாதவள் மாதிரி ஊரைத் திட்டித் திட்டி இவ்வளவு எழுதினேனே, இந்தப் பேனாவிலும் அந்த நுரைக்குழல்தான் மாட்டியிருக்கிறது.

அன்று ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அப்புறம் அழலாம்டி எல்ஸி, மாவு காயுது" என்றாள் வெர்னா.