விரிப்பு மடிக்க ரெண்டு பேர் வேணும்

பினாங்கில், கெலுகோரில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஜார்ஜ் டவுன் ஹோட்டல்களில் யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகள் எங்களிடம் அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகும். நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவள். எது வெள்ளை, எது வெள்ளை மாதிரி இருக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இந்த வருடம் பிறந்ததும் எங்கள் சூப்பர்வைசர் ஏதோ கோர்ஸுக்குப் போய்வந்தார். மறுநாள் காலையில் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தார். நான், என் ஜோடி அக்கா, லாரி ஓட்டும் மலாய்க்காரப் பெரியவர். அவரை நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம்.

"தெனமும் அஞ்சு நிமிஷம். இன்னிக்கு யார்கிட்ட என்ன உதவி வேணுமோ, ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கேட்டதும் முடியாதுன்னு சொல்லக் கூடாது. பாக்கிறேன்னு சொல்லிட்டு, வேலை முடியறதுக்குள்ள பதில் சொல்லணும்" என்றார்.

நான் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். வேண்டியதைக் கேட்பதென்றால் எனக்கு வேறெப்படித் தெரியும்?

"அக்கா, கண்ணத் தொறங்க லா. என்னப் பாத்துக் கேளுங்க" என்றார் சூப்பர்வைசர்.

கண்ணைத் திறந்து, காற்றாடியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பச் சொன்னேன். அன்றே திருப்பிவிட்டார். சாமியிடம் கேட்டதுகூட இத்தனை சீக்கிரம் நடந்ததில்லை. அப்படி நினைத்ததற்கு உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இனி ஜோடி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். இஸ்திரி ரோலரிலிருந்து சூடாக வரும் பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இந்த முனையில் நான், அந்த முனையில் அவர். இருவரும் நடந்துவந்து நடுவில் சந்தித்து, என் மூலைகளை அவர் கையில் கொடுப்பேன். ஒன்பது வருடமாக இப்படித்தான். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், நான் முருகன் கோயிலுக்கு. விரிப்புக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

போன வருடம் என் மகள் டெங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பிழைத்து வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். அதற்காக இருபத்தோரு நாள் விரதம் தொடங்கினேன். ஆறாம் நாள் மதியம் சலவைக்கூடத்து ஐஸ்பெட்டியைத் திறந்தால், மேல்தட்டில் இருந்த அக்காவின் இறால் சம்பல் ஒழுகி, கீழ்த்தட்டில் இருந்த என் தோசை டப்பா மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. வீட்டிலிருந்து மஞ்சள் தூள் கொண்டுவந்து, மறுநாள் காலையில் தண்ணீரில் கரைத்து, கைக்குக் கிடைத்த துவாலையால் ஐஸ்பெட்டியை மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, என் சோறு அவ்ளோ தீட்டா?"

"விரதத்தப் பத்தி ஒங்களுக்கு என்னக்கா தெரியும்?"

அவ்வளவுதான். அக்கா என்னோடு பேச்சை விட்டார். அந்தத் துவாலை ஹோட்டலுடைய வெள்ளைத் துவாலை என்பதைப் பிறகுதான் பார்த்தேன். சலவைக்கூடத்தில் மஞ்சள் கரைத்த ஒரே ஆள் நான்தான். நான்கு தடவை துவைத்தும் அது எலுமிச்சை நிறத்தில்தான் இருந்தது.

பேசாமல் இருக்கலாம். மடிக்காமல் இருக்க முடியாதே. ஒரு நாளைக்கு நூறு தடவை ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம். விரல் தொடும் இடத்தில் அவர் கூரையைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன். கோபம் அதிகமான நாளில் மூலையை வெடுக்கென்று இழுப்பார். நானும் இழுப்பேன். விரதக்காரி கோபப்படக் கூடாது என்பதால் மெதுவாக இழுப்பேன்.

இதில் என் கழுத்துக்கு வந்த கத்தி என்னவென்றால், தைப்பூசம் பினாங்கில் பொது விடுமுறைதான், ஆனால் ஹோட்டல் நிறைந்து வழியும் நாள் என்பதால் எங்களுக்கு லீவு கிடையாது. ஜோடியில் ஒருத்தி போகவேண்டுமானால், மற்றவள் பாக்சிக்கை வைத்து மடிக்கச் சம்மதிக்கவேண்டும். அக்கா சரி என்று சொல்லாவிட்டால் பால்குடம் இல்லை.

தினமும் வட்டத்தில் நிற்பேன். என் முறை வரும். "கையுறை வேணும்" என்பேன். மறுநாள், "சேஃப்டி பின் வேணும்." அடுத்த நாள் கேட்க ஒன்றுமில்லாமல் இன்னொரு கையுறை கேட்டேன்.

பாக்சிக் மலாயில் சொன்னார்: "இவளுக்கு எத்தனை கை?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்.

முருகா, அவங்களே வந்து கேக்கட்டும் என்று பதினோரு நாள் வேண்டினேன். முருகன் அசையவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் சூப்பர்வைசர், "இன்னிக்கு வேலை முடிஞ்சதும் தைப்பூசத்துக்கு யார் யார் வேலைன்னு எழுதி ஒட்டிருவேன்" என்றார்.

என் முறை வந்தது. கண்ணை மூடவில்லை.

"அக்கா, நான் அன்னிக்குப் பேசினது தப்பு. எம்மவ பொழச்சதுக்குப் பால்குடம் எடுக்கணும். எனக்கு அன்னிக்கு லீவு வேணும். நீங்க மனசு வச்சாத்தான்."

அக்கா என்னை நேராகப் பார்த்தார்.

"பாக்கிறேன்."

விதிப்படிதான் சொன்னார், தப்பில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு அன்று முழுவதும் நான் விரிப்பு மடித்தேன். ஒவ்வொரு தடவை நடுவில் சந்திக்கும்போதும் வாயைத் திறப்பார் என்று பார்ப்பேன். மூலையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இழுப்பு மட்டும் நின்றிருந்தது. கடைசி விரிப்பும் வந்தது. நடந்தோம், சந்தித்தோம். என் மூலைகளை வாங்கியவர் அப்படியே நின்றார்.

"போயிட்டு வா. கொடத்த நல்லா இறுக்கிக் கட்டு. பால் ஒழுகிச்சுன்னா நீ மஞ்சத்தண்ணி கரைச்சு ரோட்டையே தொடைப்ப."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"பெரிய வெள்ளிக்கு எனக்கு லீவு. அன்னிக்கு நீ பாக்சிக்கோட மடி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறும்போது மகளுக்காக நன்றி சொன்னேன். அடுத்தபடியாக அக்காவுக்காக வேண்டிக்கொண்டேன். பால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

மறுநாள் திருநீறும் பஞ்சாமிர்தமும் கொண்டுபோனேன். அலமாரியில் ஒரு குவியல் விரிப்பு, சமோசா மாதிரி முக்கோணமாக மடித்துக் கிடந்தது.

"ஒன் முருகன்கிட்ட சொல்லு, பாக்சிக்குக்கு நாலு மூலை எதுன்னு காட்டிக் குடுக்கச் சொல்லி" என்றார் அக்கா, பஞ்சாமிர்தத்தை நக்கிக்கொண்டே. பாக்சிக் மலாயில், "அந்த விரிப்புதான் கோணல்" என்றார்.

அன்று காலை வட்டத்தில் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. இனிமேல் சம்பல் கீழ்த்தட்டில், என் டப்பா மேல்தட்டில். சூப்பர்வைசர் அப்போதே ஐஸ்பெட்டித் தட்டுகளில் பேர் எழுதி ரெண்டு டேப் ஒட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேசாமல் இருந்த பதினோரு நாளும் எங்கள் யாருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த எலுமிச்சைத் துவாலைதான் இப்போது ஐஸ்பெட்டி துடைக்கும் துணி. பெரிய வெள்ளி நெருங்குகிறது. மதிய இடைவேளைகளில் நான் பாக்சிக்குக்கு மூலை காட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.