இடது மூலை நட்சத்திரங்கள்

மலையடிவாரத்து ஊரான குண்டசாங்கில் ரத்தப் பரிசோதனைக்கு வரும் குழந்தைகள் மருத்துவமனை வாசலிலேயே நின்று, வெலோனிகா அக்கா இருக்கிறாளா என்று கேட்பார்கள். இருந்தால் தாமே நடந்து உள்ளே வருவார்கள். இல்லாவிட்டால் அப்பன் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். முட்டைக்கோஸ் தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் குனிந்த கிழவிகளுக்குக் கையில் நரம்பு எங்கே ஓடுகிறதென்று டாக்டருக்கே தெரியாது, அவள் விரலுக்கு மட்டும் அகப்படும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் தலைமை நர்ஸிடம் போய், எனக்குக் கை நடுங்குகிறது, என்னைச் சீட்டு எழுதும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கை நடுங்கவே இல்லை. நடுங்குகிறது என்று ஒருவன் சொன்னான், நம்பிவிட்டாள்.

அந்த ஒருவன் ஃபெபியன். இரவு வானத்தைப் படமெடுப்பதில் மலையடிவாரத்தில் அவன் பெயர் தெரியாதவர்கள் இல்லை. பட்டணமான கோத்தா கினபாலுவிலிருந்து வேன் வேனாக வருகிறவர்களைக் கூட்டிப்போய், மலைக்கு மேலே பால்வீதி எழும்புவதை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுப்பது அவன் தொழில். பேச்சில் வெல்லம். அவனைச் சுற்றி உள்ளூரில் பதினைந்து இருபது பேர் கூட்டாகச் சேர்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அவன் ‘அபாங்’, அதாவது அண்ணன்.

வெலோனிகாவுக்கு இந்தப் பித்து பிடித்ததற்கு அவள் புருஷன் ஜினுஸின் லாரிதான் காரணம். முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு அவன் விடியலுக்கு வெகு முன்னால் பட்டணம் கிளம்புவான். அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். மலை கறுப்பாக உட்கார்ந்திருக்கும், அதன் தலைக்கு மேல் வானம் கொட்டிக் கிடக்கும். செல்போனில் எடுத்தால் வெறும் இருட்டுத்தான் வந்தது. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் கேமரா வாங்கினாள். ஜினுஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருட்டைப் படம் பிடிக்கப் பணம் கொடுத்த ஒரே ஆள் என் பெண்டாட்டிதான் என்று சந்தையில் மட்டும் சொல்லித் திரிந்தான்.

நியாயமாகச் சொல்லவேண்டும், ஃபெபியன் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்தான். இரவுக்கு லென்ஸ் பார்க்கும்போது தூரத்தை இழுத்துக் காட்டுவதைத் தேடாதே, மலையும் வானமும் ஒரே படத்தில் அடங்குகிற அகல லென்ஸைத் தேடு என்பான். அதன் வாய் பெரிதாகத் திறக்கவேண்டும், அப்போதுதான் நொடிக்கணக்கில் வெளிச்சத்தைக் குடிக்கும். ரொம்ப நேரம் திறந்து வைத்தால் பூமி நகர்ந்து நட்சத்திரம் கோடாகிவிடும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது குண்டூசி முனையாகும்வரை லென்ஸின் வளையத்தைத் திருப்பி, அப்படியே நாடா ஒட்டிவிடு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்வான். லென்ஸின் யோக்கியதை நடுவில் தெரியாது, மூலையில்தான் தெரியும் என்பான். இதைச் சொன்ன வாயை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு அகல லென்ஸ் தேவைப்பட்டபோது, என்னுடையதையே எடுத்துக்கோ, நான் புதிது வாங்குகிறேன் என்றான். கூட்டத்தில் பொருள் கைமாறுவதற்கு ஒரு முறை உண்டு. விற்பவன் வீட்டில் எல்லோரும் கூடி, எலுமிச்சையில் ஊறிய பச்சை மீனும் சோறும் சாப்பிடுவார்கள். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் பொருளை வாங்கிக்கொள்ளவேண்டும். மாட்டிப் பார்ப்பது, ஒன்றிரண்டு படம் எடுத்துச் சோதிப்பது எல்லாம் வெளியாட்கள் வேலை. ஒருவன் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அவன் பொருளை உரசிப் பார்ப்பது அவனைத் திருடன் என்பதற்குச் சமம். வெலோனிகா இரண்டு கையாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் எடுத்த ஒரு படமும் உருப்படவில்லை. நடுவில் நட்சத்திரங்கள் உப்பைத் தூவினாற்போல் சுத்தமாக இருக்கும். மேலே இடது மூலைக்குப் போகப் போக ஒவ்வொன்றுக்கும் சிறகு முளைத்து, இழுபட்டு, ஈசல் கூட்டம் மாதிரி ஆகிவிடும். ஃபெபியனிடம் காட்டினாள். முக்காலி சரியில்லை என்றான், கனமான முக்காலி வாங்கினாள். காற்று என்றான், முக்காலியில் கல் மூட்டை கட்டித் தொங்கவிட்டாள். பனி என்றான், லென்ஸுக்குச் சூடு கொடுக்கும் பட்டை கட்டினாள். வாயைக் கொஞ்சம் சுருக்கி எடு என்றான், சிறகு குறைந்தது, வானமும் இருண்டது. அவளே கண்ணைச் சந்தேகப்பட்டு மூக்குக்கண்ணாடியை மாற்றினாள். தன் பழைய சின்ன லென்ஸில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். அது குழந்தை ஓட்டும் சைக்கிள், எப்படி மிதித்தாலும் போகும், அகல லென்ஸ் அப்படியா என்றான். லென்ஸிலேயே ஏதாவது கோளாறு இருக்குமோ என்று கூட்டத்தில் ஒருத்தி வாயைத் திறந்தபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்தான். கூடவே எல்லோரும் சிரித்தார்கள். வெலோனிகாவும் சிரித்தாள், பாவி.

கடைசியில் அவள்தான் கேட்டாள்.

“என் கையா அபாங்? வளையத்தத் திருப்புறப்ப நடுங்குதோ?”

அவன் அவள் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“லேசா நடுங்குதுதான் வெல். மயிரிழ தப்புனாலும் மூலைல காட்டிக் குடுத்துரும். நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லாம இருந்தேன்.”

அன்றைக்குப் பிறகு ஊசியை எடுக்கும்போதெல்லாம் அவள் ஊசியைப் பார்க்காமல் தன் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். நம் கையை நாமே உற்றுப் பார்த்தால் எந்தக் கைதான் அசையாமல் இருக்கும்? ஒரு குழந்தைக்கு இரண்டு தடவை குத்தவேண்டி வந்தது. மறுநாளே மாற்றல் கேட்டாள். சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னால் அவளைப் பார்த்த குழந்தைகள், நீ ஏன் அக்கா உள்ளே இல்லை என்று கேட்டன. கை வலி என்று சொல்லிவைத்தாள்.

வருடா வருடம் அறுவடைத் திருநாளுக்குக் கூட்டத்தின் படங்களைத் தேர்ந்தெடுத்து மாட்டுவார்கள். தேர்ந்தெடுப்பவன் ஃபெபியன். லென்ஸ் வாங்கிய பிறகு வந்த இரண்டு வருடமும் அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்தான், தோளைத் தட்டி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று. அவனுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பழைய படங்களில் ஒரு பாணி உண்டு. இடது ஓரத்தில் கறுப்பாக ஒரு மரம் மேலே வரைக்கும் கிளை விரித்து நிற்கும், அல்லது ஒரு பாறை. பட்டணத்துக்காரர்கள் அதைப் புகழ்ந்து தள்ளினார்கள். வெலோனிகாவும் அதுபோல ஒன்று எடுக்கப் பார்த்தாள். மரம் என் முத்திரை வெல், நீ உனக்கென்று ஒன்று தேடு, உன் இடது பக்கம் திறந்தே இருக்கட்டும் என்றான். பெரியவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் மரத்தைக் கண்டாலே முக்காலியைத் தள்ளிப் போட்டாள்.

போதும் என்று ஒரு நாள் முடிவு செய்தாள். கேமரா, லென்ஸ் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, காப்பி கொடுத்த கையோடு தூங்கப் போய்விடுவது. டம்புனான் என்ற ஊரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அவள் கூட்டத்தைச் சேர்ந்தவள் இல்லை, சோறும் மீனும் தெரியாதவள். வாங்குவதற்கு முன்னால் பட்டப்பகலில் ஒரு செங்கல் சுவரை நேருக்கு நேர் எடுத்து அனுப்புங்கள், லென்ஸ் வாயை முழுக்கத் திறந்து எடுங்கள் என்று வெட்கமில்லாமல் கேட்டாள். வெலோனிகாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் மருத்துவமனையின் பின்சுவருக்கு எதிரே முக்காலியை நிறுத்தி, கை படாமல் கேமரா தானாகப் படம் பிடிக்கிறபடி வைத்து எடுத்தாள்.

மூன்று மூலையில் செங்கல் கோடு போட்டாற்போல் இருந்தது. மேலே இடது மூலையில் மட்டும் கஞ்சியாய்க் குழைந்திருந்தது. நட்சத்திரம் இல்லை, காற்று இல்லை, பனி இல்லை. பகலில் இத்தனை நாள் அந்த லென்ஸை அவள் எடுத்ததில்லை, எடுத்திருந்தாலும் மூலையில் மேகம்தான் இருந்திருக்கும், மேகத்தில் கூர்மையை எங்கே தேடுவது? கேமராவை முக்காலியில் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டி மறுபடியும் எடுத்தாள். இப்போது சுவரின் கீழே வலது மூலை குழைந்திருந்தது. கேமரா கவிழ்ந்தால் கூடவே கவிழ்கிற கோளாறு கேமராவோடு இருக்கிற கோளாறு. தன் பழைய லென்ஸை மாட்டினாள், நாலு மூலையும் சுத்தம். அவள் அந்தச் சுவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான் முதலில் அழுதாள், பிறகு அது வேறு அழுகை ஆயிற்று. உள்ளே கண்ணாடி ஒன்று இடம் விலகியிருக்கிறது, பாவம் அபாங்குக்கே தெரியாமல் இருந்திருக்கும் என்று அந்த நிமிடமும் நினைத்தவள் அவள்.

அந்த வாரம் பட்டணத்தில் ஒரு காப்பிக் கடையில் ஃபெபியனின் பத்து வருடப் படங்களை மாட்டியிருந்தார்கள். அவனிடம் சொல்லிவிடலாம் என்று ஜினுஸின் லாரியிலேயே போனாள். அவன் இன்னும் வரவில்லை. கடையில் படங்களை வருட வரிசைப்படி மாட்டியிருந்தார்கள். அவளும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள். முதல் வருடங்களில் மரம் இல்லை, வானம் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. பிறகு ஒரு வருடத்தில் திடீரென்று மரம் முளைத்தது. ஒரு படம் தவறாமல் இடது ஓரத்தில் மரம், மரம் கிடைக்காத இடத்தில் பாறை. அவளுக்கு லென்ஸை விற்ற மாதத்தோடு மரம் காணாமல் போயிருந்தது. புது லென்ஸில் வானம் மறுபடியும் விரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், இவன் மறைத்து, அதற்குப் பாணி என்று பெயரும் வாங்கியிருந்தான்.

அவன் வந்தான், வழக்கம்போல் தோளைத் தட்டினான்.

“அது கீழ விழுந்துச்சா அபாங்?” என்று கேட்டாள்.

எது என்று கேட்கவில்லை அவன். அவள் நின்றிருந்த இடத்தைப் பார்த்தான், மரங்களைப் பார்த்தான்.

“ஒரே தடவ. குடாட் கடலோரப் பாறைல. மேல ஒரு கீறல்கூட இல்ல.”

“மூல கெட்டிருந்தது தெரியும்ல?”

“வெல், நெசமா சொல்றேன், நீ ஒரு வாரத்துல வந்து சண்ட போடுவ, திருப்பி வாங்கிக்கலாம்னுதான் இருந்தேன். நீ என்னடான்னா வந்து, என் கையா அபாங்னு கேக்குற. நான் என்ன பண்ணட்டும்? நீயே சொன்ன, நான் ஆமான்னேன். அவ்ளோதான்.”

அவ்வளவுதான். இத்தனை நாள் கழித்து இதைச் சொல்லும்போதும் எனக்கு ஆறவில்லை. திருடன் பூட்டை உடைத்தால் பூட்டு போனது என்று ஆறலாம். இவளோ சாவியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். லாரியில் திரும்பி வரும் வழியில் நடந்ததை ஜினுஸிடம் சொன்னாள். அவன் அன்றைக்கு வேடிக்கை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து அவர்கள் வந்தால், முற்றத்தில் ஒரு பன்றி கட்டியிருந்தது. பக்கத்தில் ஊர்த்தலைவரும் ஃபெபியனும். தப்புச் செய்தவன் மிருகத்தைக் கொண்டுவந்து, அந்தத் தப்பால் வீட்டின் மேல் ஏறிய சூட்டைத் தணிப்பது எங்கள் வழக்கம், அதற்குச் சோகிட் என்று பேர். வாங்கிக்கொண்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. பிறகு அதைப் பற்றி எவரும், எங்கேயும், வாயே திறக்கக்கூடாது. அவள் புகார் சொல்வதற்கு முன்னாலேயே அவன் ஓடிவந்துவிட்டான் பாருங்கள், அதில்தான் இருக்கிறது அவன் கெட்டிக்காரத்தனம். தலைவர் நல்ல மனுஷர், கொழுத்த பன்றி அம்மா, மனசாரத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்றார். ஜினுஸ் அவளைத் தனியே அழைத்து, சூடு ஆறாத வீட்டில் பயிர் அழுகும் என்று பயந்தான். தோட்டத்துக்காரனின் பயம், குறை சொல்ல முடியாது.

வெலோனிகா ஃபெபியனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“லென்ஸுக்குச் சோகிட் வேணாம் அபாங். லென்ஸ் யாரு கையிலருந்தும் விழும். கூட்டத்துல எல்லாரும் இருக்கறப்ப ஒரு வார்த்த சொல்லுங்க. வெலோனிகா கைக்கு ஒண்ணுமில்ல, எனக்கு மொதல்லயே தெரியும்னு. அத மட்டும் சொல்லுங்க, கோழிகூட வேணாம்.”

ஃபெபியன் பன்றியின் கயிற்றை இழுத்து இறுக்கினான்.

“ரெண்டு பன்னி வேணும்னாலும் தரேன் வெல். அத மட்டும் கேக்காத. என்கிட்ட கத்துக்க ஆளுங்க வராங்க.”

“என்கிட்டயும் கொழந்தைங்க வந்துச்சு அபாங்.”

 தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்று பன்றியாக ஆக்கிக்கொள்ளலாம் என்று நடுவில் ஏதோ சொல்லப் பார்த்தார். வெலோனிகா எழுந்தாள். பன்றியை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போங்கள் என்றாள், சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்பதால் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். தலைவருக்கு நீட்டியபோது கோப்பை தட்டில் கடகடவென்று அடித்து, காப்பி தளும்பி அவர் மடியில் கொட்டியது.

எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். ஃபெபியனும் பார்த்தான். கை நடுங்கினால் எப்படி இருக்கும் என்பதை வெலோனிகா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள்.